துறையில் நின்ற கறுப்புக் கோட்டு

ஸ்கார்வோவில் மதுக்கடைக் கதவுகளைப் பூட்டி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. போலீஸ் வந்து பூட்டவில்லை, ராஜா உத்தரவும் போடவில்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கிற அந்த மீன்பிடி ஊர் தானே ஓட்டுப் போட்டுத் தன் கடைகளை மூடிக்கொண்டது. இப்போது, 1947 டிசம்பரில், அந்தக் கடைகளை மறுபடி திறக்க விடலாமா என்று கேட்டு இன்னொரு ஓட்டு வந்திருந்தது.

முதல் ஓட்டு நடந்தபோது மினா ப்ரெம்னருக்கு முப்பத்தொரு வயது. ஹெரிங் மீனைக் கீறிக் குடல் எடுக்கும் வேலை. கத்தி நழுவினால் விரல் போய்விடும், உப்புநீர் பட்டால் புண் ஆறாது. அதற்காக மாவு மூட்டைத் துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு அந்தக் கட்டோடுதான் நூற்றிருபது பெண்கள் முந்தின நாள் மீன் கிடந்த தொட்டிகளை விட்டு வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். கட்டை அவிழ்க்க நேரமில்லை. பென்சிலை உள்ளங்கையில் பிடித்துக் குறி போட்டார்கள். சீட்டெல்லாம் மீன் வாடை.

அன்று புயல். ஒரு படகும் போகவில்லை. ஆண்கள் அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள், அத்தனை பேரும் ஓட்டுப் போட்டார்கள், தோற்றார்கள். மினாவுக்கு வாழ்க்கையில் பெருமை என்று ஒன்று இருந்தால் அதுதான். முகத்துக்கு முகம் நின்று ஜெயித்தோம் என்பாள்.

அதனால்தான் கமிட்டிக் கூட்டத்தில் திருமதி ஸ்வான்சன் பாரமானியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவளுக்கு டீ இறங்கவில்லை.

ஜார்ஜினா ஸ்வான்சன் துணிக்கடைக்காரரின் மனைவி. கடைகள் திறக்கக் கூடாது என்று சொல்லும் கமிட்டிக்குத் தலைவி. கடல் பக்கம் எட்டிப் பார்க்காதவள். ஆனால் அந்த வாரம் முழுக்கத் துறைமுகத்துக்குப் போய், சுவரில் மாட்டியிருக்கிற, முள் ஏறினால் நல்ல வானிலை என்று காட்டும் பாரமானியைத் தினமும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏறிக்கிட்டே இருக்கு" என்றாள், சர்க்கரை கம்மியாகப் போட்ட ரொட்டியை எல்லோருக்கும் நகர்த்திக்கொண்டே. "புதன்கிழமை கடல் அசையாதாம். அஞ்சு மணிக்குப் படகு கிளம்பினா ராத்திரி ஒம்பதுக்கு முன்னாடி ஒருத்தன் திரும்ப மாட்டான். ஓட்டுப் பெட்டி எட்டுக்கு மூடிடும். ஆண்டவர் நம்ம பக்கம்."

"ஆண்டவருக்கு அந்த ஓட்டுச் சட்டம் தெரியுமா?" என்றாள் மினா.

"என்ன மினா, சந்தோஷமா இல்லையா உனக்கு? முந்நூறு பேர் கடல்ல இருப்பாங்க. முந்நூறும் திறக்கணும்னு போடற ஓட்டு."

"போன தடவை எல்லாரும் கரையில இருந்தாங்க."

"போன தடவை நமக்கு வேற வழி இல்ல. இப்ப இருக்கு. வேணாம்பியா?"

மினா டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். மேசையின் கடைசியில் இருந்த போதகர் அடேர் மட்டும் அவளை ஒரு பார்வை பார்த்தார். எடின்பரோவிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, எப்போதும் மூக்கு நுனி சிவந்திருக்கும். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். நல்ல பிள்ளை என்று ஊர் சொல்லும். நல்ல பிள்ளை, ஆனால் கடல் தெரியாத பிள்ளை என்றும் சொல்லும்.

வீட்டில் அவள் புருஷன் மேக்னஸ் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றில் சிப்பிச் சதை கோத்துக்கொண்டிருந்தான். மினாவும் எதிரே உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். அவள் சிப்பியைப் பிளப்பாள், அவன் கோப்பான். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக நடக்கும்.

இந்த மேக்னஸ் ஒரு காலத்தில் குடித்தவன். இரண்டு முறை துறைச் சுவரிலிருந்து தண்ணீரில் விழுந்தான், இரண்டு முறையும் மினாதான் படகுக் கொக்கியைப் போட்டு இழுத்தாள். மூன்றாம் முறை விழவில்லை. மூத்த பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு, சுவர் விளிம்பில் நின்று பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் மினா மூச்சு விடாமல் கீழே நின்றாள். ஓட்டுச் சீட்டில் அவள் போட்ட குறி அந்தப் பாட்டுக்காகப் போட்டது. கடைகள் மூடின. பக்கத்து ஊர்க் கடை பதினாறு மைல். பஸ் வருகிறதற்குள் மேக்னஸுக்கு ஆசை அடங்கிவிடும், திரும்பி வந்துவிடுவான். அப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

"ஸ்வான்சன் அம்மா பாரமானியைத் தட்டறாங்களாமே" என்றான் மேக்னஸ். "துறை முழுக்கச் சிரிப்பு."

"சிரிங்க."

"எனக்குச் சிரிப்பு வரல மினா." கயிற்றைக் கீழே வைத்தான். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. நான் குடிக்காதவனா, குடிக்க இடம் இல்லாதவனா? எனக்கே தெரியல."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"அறுபது ஆச்சு. உன்னைக் கட்டிக்கிட்டவன் யாருன்னு சாகறதுக்கு முன்னாடி எனக்கும் தெரிய வேணாமா?"

அவள் கத்தி நின்றது. அப்புறம் அடுத்த சிப்பியை எடுத்தாள். "தெரியாமலே நல்லா இருந்தோம்" என்றாள்.

"நல்லாத்தான் இருந்தோம்" என்று ஒப்புக்கொண்டு அவனும் கயிற்றை எடுத்தான். கடையைத் திறக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை, ஓட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் மினாவை அன்று இரவு தூங்கவிடவில்லை. ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால்கூட மனசு லேசாகியிருக்கும்.

ஓட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் போதகர் கதவைத் தட்டினார். மேக்னஸ் படகுக்குப் போயிருந்தான். அவர் உட்காரவில்லை, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்மா. நீங்க மீன்காரர் வீட்டு மனுஷி. நாளைக்கு விடிகாலையில துறைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"எதுக்கு ஐயா?"

"அவங்க கடல்ல இருக்கறதை வெச்சு நாம ஜெயிக்கப் பாக்கறோம். எனக்கு அது உறுத்துது. தேதியை என்னால மாத்த முடியாது. ஆனா கிளம்பறப்ப முகத்துக்கு முகம் நின்னு, 'நான் உங்க விரோதி இல்ல, பத்திரமாப் போய்ட்டு வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல? ஒரு சின்ன ஜெபம். தப்பா எடுத்துக்குவாங்களோன்னுதான் பயம்."

மினா அவரையே பார்த்தாள்.

அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த ஒன்று இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. படகுக்குப் போகிற வழியில் போதகர் எதிர்ப்பட்டால் அன்று கடலில் இறங்கமாட்டார்கள். படகில் அந்தப் பெயரையே சொல்லமாட்டார்கள், சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'கறுப்புக் கோட்டு' என்பார்கள். எதிர்ப்பட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கிற இரும்பைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். பழைய போதகருக்கு இது தெரியும். விடிகாலையில் ஜன்னல் திரையைக்கூட விலக்கமாட்டார் அவர்.

'வேண்டாம் ஐயா' என்று சொன்னால் போதும். படகுகள் போகும், பெட்டி மூடும், கடைகள் பூட்டியே கிடக்கும். மேக்னஸ் சாகும் வரைக்கும் அவளுடைய மேக்னஸாகவே இருப்பான். அவள் கை தன்னையறியாமல் இன்னொரு கையின் விரல்களைத் தடவியது. பழைய கத்தித் தழும்புகள். துணி சுற்றிய விரலோடு, மீன் வாடையோடு, எல்லா ஆண்களும் பார்க்கப் பார்க்க நடந்த நடை ஞாபகம் வந்தது. அந்த ஜெயத்தின் மேல் போய் இந்த ஜெயத்தை வைப்பதா?

"எத்தனை மணிக்குப் போறதா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சு?"

"நாலரைக்குப் போங்க. அஞ்சுக்குப் பாதிப் பேர் ஏறியிருப்பாங்க."

"எங்க நிக்கட்டும்?"

"படிக்கு மேல, விளக்குக் கம்பத்துக்குக் கீழ. எல்லாரும் அந்த வழியாத்தான் இறங்கணும்."

"சாதாரணமா ஸ்வெட்டர்ல போனா அவங்களுக்குக் கூச்சம் இருக்காதோ?"

"வெள்ளைக் காலர் போட்டுக்கோங்க ஐயா" என்றாள் மினா. "கறுப்புக் கோட்டும்."

"கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"கோவமெல்லாம் வராது. நின்னு பாப்பாங்க."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மினா கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

புதன்கிழமை விடிகாலையில் மேக்னஸின் டீ வாளியை அவளே எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வழக்கமாக வரமாட்டாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. துறையில் அலைச் சத்தமே இல்லை. படிக்கு மேலே, விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் மொத்தமும் தலையில் கொட்ட, போதகர் அடேர் காலரும் கோட்டுமாக நின்றுகொண்டிருந்தார்.

முன்னால் போனவன் கில்பர்ட். மேக்னஸின் அக்கா மகன், இருவரும் போகிற 'லில்லி' படகின் தலைவன். நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான். பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"மாமா" என்றான் அடிக்குரலில். "எனக்குத் தெரியறது உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியுது."

"காலை வணக்கம்" என்றார் போதகர், முகமெல்லாம் சிரிப்பாக. "கடல் பால் மாதிரி இருக்கு பாருங்க. இன்னைக்கு வலை கிழியற அளவுக்கு மீன் கிடைக்கும்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவர்களில் மூத்தவரான பேக்கிக் கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"முடிஞ்சுது" என்றார். "கறுப்புக் கோட்டு. அதுவும் படி மேல. அதுவும் மீன் கிடைக்கும்னு வாயால சொல்லியாச்சு. இனி ஒரு வாரத்துக்குத் தண்ணி பக்கம் போகாதீங்கடா."

"நாலு வருஷம் சண்டையில கடல் கண்ணிவெடி வாரினவன் நான்" என்றான் பின்னாலிருந்து ஒரு இளவட்டம். "இதுக்கெல்லாம் பயப்படறதா?"

"அப்ப நீ ஏறுப்பா."

"நான் ஏறிடுவேன். நீங்க யாரும் வரலன்னா வலையை யார் இழுக்கறது?"

"அதான பார்த்தேன்."

இரும்பைத் தொடவேண்டும். பக்கத்தில் இருந்த இரும்பு அந்த விளக்குக் கம்பம் ஒன்றுதான். கில்பர்ட் மெதுவாக முன்னால் போய், போதகரின் தோளுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, மரியாதையாகக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அடுத்தவன் தொட்டான். அடுத்தவன். வரிசையாக வந்து, தலையை அசைத்து, கம்பத்தைத் தொட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்கள். போதகர் ஒவ்வொருவருக்கும் ஆசீர்வாதம் சொன்னார். இதுதான் இந்த ஊரில் ஜெபத்துக்கு நிற்கிற முறை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் தானும் ஒரு முறை கம்பத்தைப் பயபக்தியோடு தொட்டுக்கொண்டார்.

மேக்னஸ் டீ வாளியை மினாவிடமிருந்து வாங்கினான். இருவரும் சரிவில் ஏறி நடந்தார்கள்.

"கம்பத்துக்குக் கீழ நிக்கணும்னு அவருக்கு யாரு சொல்லியிருப்பா?"

"வெளிச்சமா இருக்கேன்னு நின்னிருப்பார்."

"ம்" என்றான் மேக்னஸ். அதற்கப்புறம் வீடு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் தெருவில் அப்படி நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அன்று பள்ளிக்கூட வாசலில் நீல ஸ்வெட்டர் போட்ட ஆண்கள் வரிசை, ஷால் போர்த்திய பெண்கள் வரிசை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, ஒரு படகும் அதில் இல்லை. ஜார்ஜினா ஸ்வான்சன் வாசலில் நின்று அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். மினாவைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"இந்தப் பையனுக்கு ஒரு ஆளாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் மினா. சொல்லிவிட்டு உள்ளே போனாள். பென்சிலை எடுத்து, திறக்கக் கூடாது என்கிற கட்டத்தில் அழுத்திக் குறி போட்டாள். அதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவள் எண்ணம் மாறவே இல்லை. பக்கத்துத் தடுப்பில் மேக்னஸின் முதுகு தெரிந்தது. அவன் எதில் போட்டான் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சொன்னார்கள். திறக்கச் சொன்னவர்கள் நாற்பத்தேழு ஓட்டில் ஜெயித்திருந்தார்கள். பேக்கிக் கிழவர் கைதட்ட ஆரம்பித்து, எதிரே நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மினா கூட்டத்தைக் கடந்து அவரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"போன தடவை நீ கை கொடுக்கலையே" என்றார் கிழவர்.

"போன தடவை கையில மீன் குடல்."

கிழவர் சிரித்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களை ஒரு தடவை ஜெயிச்ச கை" என்றார்.

சட்டப்படி மே மாதக் கடைசியில்தான் கடை திறக்கலாம். பழைய 'நங்கூரம்' கடை இத்தனை வருஷம் வலை போட்டு வைக்கும் கிடங்காக இருந்தது. வலைகளை எடுத்து, தரையில் படிந்த தாரை வழித்து, பெஞ்சு போட்டார்கள். திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்தரம். மேக்னஸ் முகம் கழுவி, நல்ல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றான்.

"போய்ட்டு வரேன்."

"எங்கன்னு கேக்கமாட்டேன்."

"நீ கேட்டா சொல்லுவேன்."

"தெரியும். போய்ட்டு வா."

ஜன்னலிலிருந்து பார்த்தால் சரிவின் அடியில் கடைக் கதவு தெரியும். அவன் அதன் முன்னால் நின்றான். பிறகு உள்ளே போனான். மினா ஜன்னலை விட்டு வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். பின்னலை எடுத்தாள், நாலு வரிசை போட்டாள், நாலும் தப்பு, பிரித்தாள்.

அப்போதுதான் போதகர் வந்தார். சும்மா வந்தேன் என்றார். சும்மா வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் நாற்காலியைக் காட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, அன்னைக்குத் துறையில நிக்கச் சொன்னது தெரிஞ்சேதான் சொன்னேன். உங்களைப் பாத்தா படகு போகாதுன்னு எனக்குத் தெரியும்."

"கோயில் மணி அடிக்கிறவர் மறுநாளே விளக்கிட்டார்" என்றார் அடேர். "மீன்காரர் வீட்டுல உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னும் புரிஞ்சுது. ஒரு வாரம் வருத்தமா இருந்துச்சு. அப்புறம் நான் எதுக்குப் போனேன்னு யோசிச்சுப் பாத்தேன். அவங்களை விட்டுட்டு ஜெயிக்கக் கூடாதுன்னுதானே போனேன். நான் நினைச்சதைத்தான் நீங்க செஞ்சீங்க, என்னைவிட நல்லாச் செஞ்சீங்க."

"கமிட்டியில உங்களை வறுத்து எடுத்தாங்களே."

"யாரு யோசனைன்னு திருமதி ஸ்வான்சன் கேட்டாங்க. என்னோடதுன்னு சொன்னேன். பொய் இல்லையே."

மினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது போதாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அதே யோசனை கேட்டு இன்னொரு தடவை வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"காலர் போட்டுக்கோங்கன்னுதான் சொல்லுவேன்." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆனா ஐயா, எங்க வீட்டுக்காரர் கடைக்குள்ள போய் ஒரு மணி நேரம் ஆச்சு."

அவர் எழுந்து போய்க் கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்தார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

படியில் காலடி கேட்டது. மினா அந்தக் காலடியைக் காது கொடுத்துக் கேட்டாள். முன்பெல்லாம் காலடியிலேயே தெரிந்துவிடும். இது நேரான நடை. கதவு திறந்தது. மேக்னஸின் ஸ்வெட்டரில் புகையிலை வாடை, மற்றவர்களின் பீர் வாடை. முகம் வெளுத்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்தான். கை நடுங்கியது.

"கில்பர்ட் வாங்கி வெச்சான்" என்றான். "ஒரு கிளாஸ். என் முன்னாடி. நுரை அடங்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அவன் பக்கமே தள்ளிட்டேன்."

மினா அந்தக் கையையே பார்த்தாள். "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"பயமா இருந்துச்சு. பதினாறு மைல்னா பஸ்ஸு பாத்துக்கும். இன்னைக்கு நான்தான் பாத்துக்க வேண்டியிருந்துச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு எப்படின்னு நாளைக்குத்தான் தெரியும்." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆனா இன்னைக்குக் குடிக்காதவன் மினா. இடம் இல்லாம இல்ல."

அவள் எழுந்து வந்து, தழும்பு விழுந்த தன் விரல்களை அவன் நடுங்கும் கையின் மேல் வைத்து அழுத்தினாள். நடுக்கம் நிற்கும் வரைக்கும் எடுக்கவில்லை.

அப்போதுதான் மேக்னஸ் அடுப்புப் பக்கம் நின்ற போதகரைக் கவனித்தான். விடிந்தால் 'லில்லி' கிளம்புகிறது. கடலுக்குப் போகிறவன் வீட்டில் கறுப்புக் கோட்டு. அவன் கண் தன்னால் சுற்றுமுற்றும் தேடியது. மரியாதைக்காகச் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

போதகர் அடேர் குனிந்து, அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினார்.